ஊசியின்றி அளக்கும் அமிலம்

தமிழர் இல்லம் எந்த நகரில் அமைந்திருப்பினும், இரவில் பாலுக்கு உறை ஊற்றும் வழக்கம் மாறுவதில்லை. மறுநாள் காலையில் பால் தயிராகி, மாலைக்குள் தயிர் புளிப்பேறிவிடுகிறது. இப்புளிப்புக்குக் காரணமான பொருளை 1780-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்தார். பாலில் கிடைத்ததால் அதற்குப் பால் அமிலம் என்று பொருள்படும் பெயரே ஏற்பட்டது. அதுவே லாக்டிக் அமிலம். 1807-ஆம் ஆண்டில் அதே நாட்டவரான பெர்சீலியஸ் என்னும் பேரறிஞர், இவ்வமிலம் தசையிலும் உண்டு என்று கண்டார். தயிர்ச் சட்டியில் உண்டாகும் புளிப்பு உயிருள்ள உடலிலும் உண்டாகிறது என்பது அன்று பெரும் வியப்பாக இருந்தது.

உடலின் புளிப்பை, அதாவது அமிலத் தன்மையை, மனிதன் எவ்வாறு அளக்கக் கற்றான்? குறிப்பாக, முழங்காலுக்குள்ளும் முதுகெலும்புக்குள்ளும் மறைந்து கிடக்கும் மூட்டுத் திசுக்களில் உள்ள அமிலத்தை, கத்தியும் ஊசியும் படாமல் அறிய எவ்வாறு முயன்று வருகிறான்? சுவாரஸ்யமான இவ்வரலாற்றில் பல நாட்டாருக்குப் பங்குண்டு. பெங்களூருக்கும் மும்பைக்கும் கூட உண்டு. இதனையே இப்பேச்சில் நாம் காணவிருக்கிறோம்.

முதலில் ஒரு கேள்வி எழும். மூட்டில் அமிலம் ஏன் சேர வேண்டும்? நம் உடலின் பெரும்பாலான பகுதிகளுக்கு இரத்தம் நேரே பாய்ந்து, பிராணவாயுவைத் தந்து, கழிவை வாரிச் செல்கிறது. ஆனால் எலும்புகள் கூடும் இடத்தில் வழுவழுப்பாக அமைந்துள்ள குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தை போல் அமைந்துள்ள இடைத்தட்டின் உட்பகுதியிலும் இல்லை. அங்கு வாழும் உயிரணுக்கள், அக்கம்பக்கத்திலிருந்து மெல்ல ஊறி வரும் உணவையே நம்பி வாழ்கின்றன. பிராணவாயு போதாத இடத்தில் அவை சர்க்கரையை முழுவதும் எரிக்க இயலாமல், பாதி வழியில் விட்டு, லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலமும் வந்த வழியே மெல்லக் கசிந்து வெளியேற வேண்டும். அவ்வழி தூர்ந்து போனாலோ, மூட்டில் அழற்சி உண்டானாலோ, அமிலம் தேங்குகிறது.

தேங்கிய அமிலம் இரு வகையில் தீங்கு செய்கிறது. குருத்தெலும்பைப் புதுப்பிக்கும் உயிரணுக்களின் ஆற்றலை அது குன்றச் செய்கிறது. அத்துடன் நரம்பு முனைகளையும் தூண்டுகிறது. அமிலத்தை உணர்ந்து திறந்துகொள்ளும் நுண்ணிய வாயில்கள் நரம்பணுக்களின் மேலுறையில் இருப்பதைப் பிரான்சு நாட்டின் லாஸ்டுன்ஸ்கி குழுவினர் 1997-ல் மூலக்கூற்று அளவிலேயே கண்டறிந்து வெளியிட்டனர். ஆகவே மூட்டின் அமிலத்தை அளப்பது, வலி பிறக்கும் இடத்திற்கு அருகே சென்று செவி சாய்ப்பதற்கு ஒப்பாகும்.

அளவை என்றால் அலகு வேண்டுமல்லவா? புளிப்பு, மிகுந்த புளிப்பு என்று நாவினால் சொல்லிக்கொண்டிருந்த நிலைக்கு முடிவு கட்டியவர் டென்மார்க் நாட்டின் சோரன்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் என்னும் மதுவடிப்பு ஆலையின் தொடர்பால் தோன்றிய ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் பணியாற்றினார். 1909-ஆம் ஆண்டில் அவர் வகுத்த பி.எச். என்னும் அளவுகோலை இன்று உலகமே கையாளுகிறது. இதில் 7 நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஓர் எண் இறங்கினால் அமிலத் தன்மை பத்து மடங்கு ஏறிவிட்டது என்று பொருள். நமது இரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையிலேயே நிற்கிறது. உடல் இவ்வளவு குறுகிய எல்லையைக் காத்துவருவதைக் கொண்டே, ஒரு மூட்டில் அது 7-க்குக் கீழ் இறங்குவது எத்துணைப் பெரிய மாறுதல் என்பதை உணரலாம்.

அளவுகோல் கிடைத்தபின் மருத்துவர்கள் மூட்டை நாடினர். 1966-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், நலமான முழங்கால்களிலும் வாத நோயுற்ற முழங்கால்களிலும் உள்ள மூட்டு நீரின் பி.எச். அளவை ஒப்பிட்டு வெளியிட்டனர். சுவீடனின் கோதன்பர்க் நகரில் ஆல்ஃப் நாகெம்சன் என்னும் எலும்பு மருத்துவர், முதுகுவலியையே தமது வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர். அவரும் அவருடைய தோழர்களும் 1968-ல், இடைத்தட்டில் லாக்டிக் அமிலம் கூடுவதற்கும் பி.எச். குறைவதற்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினர். அடுத்த ஆண்டில் நாகெம்சன், நரம்பு வேர் வலியால் வருந்திய நோயாளிகளின் இடைத்தட்டில் மின்முனையைச் செலுத்தி அமிலத்தை அளந்த செய்தியை வெளியிட்டார். சிலரிடம் அமிலம் பெரிதும் மிகுந்திருந்தது. ஷீலே பால் சட்டியில் கண்ட பொருள், சற்றேறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின், அதே நாட்டில், வலியால் துடிக்கும் மனிதனின் முதுகில் மீண்டும் அகப்பட்டது எனலாம்.

ஆயின் இம்முறையில் ஒரு பெரும் இடர் இருந்தது. அளப்பதற்காக இடைத்தட்டைத் துளைக்க வேண்டும். துளைத்தால் அது புண்படும். இடைத்தட்டில் ஊசியால் மருந்து நீரைச் செலுத்தி, எந்தத் தட்டு வலிக்கிறது என்று நோயாளியைக் கேட்டறியும் சோதனை ஒன்று மருத்துவத்தில் உண்டு. அச்சோதனைக்கு உட்பட்டவர்களைப் பத்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்த ஸ்டான்ஃபர்டு பல்கலைக் கழகத்து காரகீ குழுவினர், ஊசி பட்ட தட்டுகள் மற்றவற்றைக் காட்டிலும் மிகுதியாகச் சிதைந்திருந்தன என்று 2009-ல் அறிவித்தனர். வலியின் இருப்பிடத்தைத் தேடிச் சென்ற ஊசியே புதிய தீங்குக்கு வித்திடக்கூடும் என்பது எத்துணை வருத்தத்திற்குரியது!

ஊசி இல்லாவிட்டால் படம் இருக்கிறதே என்று கேட்கலாம். மூட்டு வலியும் முதுகு வலியும் உள்ளோர், காந்தப் படத்தைப் பெரிய உறையில் இட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு மருத்துவமனை செல்வதை நாம் காண்கிறோம். அப்படம் உருவத்தைத் தெளிவாகக் காட்டும். உருவம் கெட்டிருப்பதும் வலி இருப்பதும் ஒன்றல்ல. போடனும் அவர் தோழர்களும் 1990-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குச் சான்று. முதுகுவலியே அறியாத 67 பேரைக் காந்தப் படம் எடுத்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் முதுகெலும்பில் கணிசமான கோளாறு தென்பட்டது. இவர்கள் வலியின்றி உலாவுகின்றனர். வேறு சிலரோ படத்தில் பெரிய குறை ஏதும் இல்லாமலே வலியால் உறக்கமின்றித் தவிக்கின்றனர். இவர்களைப் பார்த்து, 'படத்தில் ஒன்றும் இல்லையே' என்று சொல்லிவிடுவது எளிது. சொல்லப்படுபவருக்கோ அது வலியினும் கொடிய வலி.

இந்நிலையில்தான், உருவத்தைக் காட்டும் காந்தத்தையே இரசாயனத்தையும் சொல்லவைக்க இயலுமா என்னும் எண்ணம் பிறந்தது. அதனை விளங்கிக்கொள்ளக் காந்த ஒத்ததிர்வின் கதையைச் சிறிது காண்போம்.

மொழிபெயர்ப்பை நாள்தோறும் செய்துவரும் நமக்கு, ஒத்ததிர்வு என்ற சொல்லில் தனி ஈடுபாடு உண்டு. சுருதி சேர்த்த இரு தம்பூராக்களில் ஒன்றை மீட்டினால், மற்றொன்றின் தந்தி தானே அதிர்வதைக் கச்சேரி மேடையில் பார்த்திருக்கிறோம். அணுவின் கருவும் அத்தகைய தந்தியே. வலிய காந்தத்தினிடையே அதற்கென ஒரு சுருதி அமைகிறது. அச்சுருதியில் வானொலி அலையை அனுப்பினால் அது அதிர்ந்து மறுமொழி தருகிறது. இதனை மூலக்கூற்றுக் கற்றைகளில் ராபி 1938-ல் கண்டார். நீரிலும் மெழுகிலும் ஃபெலிக்ஸ் பிளாக் ஒருபுறமும் எட்வர்டு பர்செல் ஒருபுறமும் தனித்தனியே கண்டு 1946-ல் வெளியிட்டனர். இவ்விருவருக்கும் 1952-ல் நோபெல் பரிசு கிடைத்தது. இக்கலையின் பழைய பெயரில் அணுக்கருவைக் குறிக்கும் சொல்லும் இருந்தது; அணுகுண்டின் நினைவு மக்களை அச்சுறுத்தும் என்று கருதியே மருத்துவமனைகளில் அச்சொல்லை விட்டுவிட்டனர் என்பர்.

வானொலி நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றுண்டு. மருத்துவமனைகளில் உள்ள 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தம், பூமியின் காந்த வலிமையைப் போல் ஏறத்தாழ 60,000 மடங்கு. அதனுள் ஹைட்ரஜன் கருவின் சுருதி சுமார் 128 மெகாஹெர்ட்ஸ். நம் எஃப்.எம். வானொலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையில் ஒலிபரப்பாகிறது. ஆக, படம் எடுக்கப்படும் மனிதனின் உடலில் உள்ள நீர், வானொலி நிலையத்திற்கு அண்டை வீட்டில் இருந்துகொண்டு ஒலிபரப்புகிறது என்று சொன்னால் மிகையாகாது.

1951-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் நம் நாட்டவர் இருவர் பங்குகொண்ட ஆண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபர்டு பல்கலைக் கழகத்தில் ஆர்னால்டு, தர்மாத்தி, பாக்கார்டு ஆகிய மூவர், சாராயத்தில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் யாவும் ஒரே சுருதியில் ஒலிப்பதில்லை, இருக்கும் இடத்திற்கேற்ப மூன்று சுருதிகளில் ஒலிக்கின்றன என்று காட்டினர். மூவருள் ஒருவரான எஸ்.எஸ். தர்மாத்தி இந்தியர், பின்னர் மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இக்கலையை வேரூன்றச் செய்தவர். அதே ஆண்டில் பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன், குழாயில் நீரை ஓடவிட்டு ஒத்ததிர்வை ஆராய்ந்தார். நின்ற நீரில், தொடர்ந்து அலையை ஏற்றால் கருக்கள் களைத்து ஓய்ந்துவிடுகின்றன. ஓடும் நீரிலோ, ஓய்ந்தவை வெளியேறிப் புதியவை வந்து சேர்வதால் ஒலி வலுக்கிறது. களைத்த கருக்கள் இடம் பெயர்வதை அளக்கலாம் என்னும் இவ்வெண்ணத்தைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

சாராயத்தின் மூன்று சுருதிகளுள் ஒன்று, பிராணவாயுவுடன் பிணைந்துள்ள ஹைட்ரஜனுக்கு உரியது. இந்த ஹைட்ரஜன் ஓரிடத்தில் நிலைத்திராமல், ஒரு மூலக்கூறை விட்டு மற்றொன்றுக்குத் தாவும் இயல்புடையது. துளி அமிலம் சேர்த்தாலே அது தாவும் வேகம் மாறிவிடுகிறது என்பதை 1956-ல் ஆர்னால்டு விரிவாக எடுத்துக் காட்டினார். அமிலமும் ஒத்ததிர்வும் கைகோத்த இடங்களில் இதுவும் ஒன்று. 1963-ல் ஸ்டாக்ஹோமில் ஃபோர்சன், ஹாஃப்மன் ஆகிய இருவர், ஓரிடத்துக் கருக்களை வேண்டுமென்றே களைப்புறச் செய்து, அக்களைப்பு மற்றோர் இடத்தில் எவ்வளவு வேகமாகத் தோன்றுகிறது என்பதைக் கொண்டு தாவும் வேகத்தைக் கணிக்கும் வழியை வகுத்தனர்.

1973-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள். மூனும் ரிச்சர்ட்சும் பாஸ்பரஸ் கருவின் சுருதி அமிலத்திற்கேற்ப விலகுவதைப் பயன்படுத்தி, இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்காமலே அவற்றின் உள்ளே உள்ள பி.எச். அளவைக் கண்டனர். அதே ஆண்டில் பால் லாட்டர்பர், நீர் நிரம்பிய இரு சிறு குழாய்களைக் காந்த ஒத்ததிர்வால் படமாக்கிக் காட்டினார். பீட்டர் மான்ஸ்ஃபீல்டு இதனை மேலும் வளர்த்தார். இவ்விருவருக்கும் 2003-ல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஆக, அமிலத்தை அளக்கும் வித்தையும் படம் எழுதும் வித்தையும் ஒரே ஆண்டில் அரும்பின. ஆனால் இரண்டையும் மூட்டில் ஒன்று சேர்ப்பது எளிதாக இல்லை. குருத்தெலும்பில் உயிரணுக்கள் மிகக் குறைவு. ஆதலால் பாஸ்பரஸின் குரலும் மிக மெலிது. படம் எழுதும் அளவுக்கு அது போதாது. அங்கு மிகுந்திருப்பது நீரே. நீரைக் கொண்டே அமிலத்தைச் சொல்லவைக்க வேண்டும்.

அதற்கான வழியை அமெரிக்காவின் பெதெஸ்டா நகரில், தேசியச் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில், ராபர்ட் பலபான் கண்டார். 1990-ல் வூல்ஃபுடன் சேர்ந்து அடிக்கல் நாட்டிய அவர், 2000-ஆம் ஆண்டில் வார்டு, அலெட்ராஸ் ஆகியோருடன் அதற்கு முழு உருவம் தந்தார். ஆங்கிலத்தில் இதன் முதலெழுத்துகளைக் கோத்து 'செஸ்ட்' என்பர். ஓர் உவமையால் இதனை விளக்குவோம்.

பஜனை மடம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். பெரிய கூடத்தில் ஆயிரம் பேர் ஒரு சுருதியில் பாடுகின்றனர். பக்கத்துச் சிற்றறையில் பத்துப் பேர் வேறொரு சுருதியில் பாடுகின்றனர். கூடத்து முழக்கத்தில் அவர்கள் குரல் வெளியே கேட்பதில்லை. ஆனால் அறைக்கும் கூடத்திற்கும் இடையே ஆட்கள் ஓயாது இடம் மாறிக்கொண்டிருக்கின்றனர். இப்போது சிற்றறையில் இருப்போரை மட்டும் சிறிது நேரம் வாய்மூடச் செய்கிறோம். மௌனமானவர்கள் கூடத்திற்குச் செல்ல, கூடத்திலிருந்து வேறு சிலர் அறைக்கு வந்து அவர்களும் மௌனமாகின்றனர். சிறிது நேரத்தில் கூடத்தின் முழக்கமே குறைந்துவிடுகிறது. எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு, சிற்றறையில் எத்தனை பேர், எவ்வளவு வேகமாக இடம் மாறுகின்றனர் என்று கணிக்கலாம். கூடம் என்பது உடலின் நீர்; சிற்றறை என்பது பிற மூலக்கூறுகளில் தொற்றியிருக்கும் தாவும் ஹைட்ரஜன்; இடம் மாறும் வேகத்தை ஆள்வது அமிலம். பெங்களூரின் ஓடும் நீரில் கண்ட உண்மைக்கு இது உறவு முறை என்பது இப்போது விளங்கும்.

2003-ல் ஜோ, வான் சைல் ஆகியோர் அடங்கிய குழு, எலியின் மூளையில் இரத்தம் தடைப்பட்டு அமிலம் கூடிய பகுதியை இவ்வழியில் படமாக்கியது. 2008-ல் லிங், ரெகாட்டே, நாவோன், ஜெர்ஷோ ஆகிய நால்வர் மூட்டுக்கு வந்தனர். குருத்தெலும்பில் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்கு மீள்திறன் அளிக்கும் சர்க்கரைத் தொடர்கள் இயற்கையாகவே நிரம்பியுள்ளன. அவற்றில் உள்ள தாவும் ஹைட்ரஜனையே சிற்றறையாகக் கொள்ளலாம் என்று அவர்கள் மனித முழங்காலில் காட்டினர். வெளியிலிருந்து எந்த மருந்தையும் செலுத்த வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு.

ஆனால் இங்கு ஒரு முடிச்சு விழுகிறது. கூடத்தின் முழக்கம் குறைந்தால், சிற்றறையில் ஆட்கள் கூடியதாலா, அல்லது இடம் மாறும் வேகம் மாறியதாலா? சர்க்கரைத் தொடர்கள் கூடினவா, அமிலம் மாறியதா? ஒரே எண் இரு கேள்விகளுக்கு விடையாக நின்றால் வைத்தியர் என்ன செய்வார்? இம்முடிச்சை அவிழ்க்கும் திறவுகோலை வார்டும் பலபானும் 2000-லேயே தந்திருந்தனர். ஒரே மூலக்கூறில் இரண்டு சிற்றறைகள் இருந்து, இரண்டும் அமிலத்திற்கு வெவ்வேறு விதமாக இணங்குமாயின், ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிடலாம். ஆட்களின் தொகை அடிபட்டுப்போய் அமிலம் மட்டும் எஞ்சும். பள்ளிக் கணக்கில் பொதுக் காரணியை அடித்துவிடுவது போன்ற எளிய வழி இது.

எக்ஸ்ரே படத்திற்காகப் பல்லாண்டுகளாக மனிதருக்குச் செலுத்திவந்த அயோபமிடால் என்னும் அயோடின் மருந்தில் இத்தகைய இரு சிற்றறைகள் தற்செயலாகவே அமைந்திருந்தன. இதனை இத்தாலியின் டூரின் நகரத்து சில்வியோ ஐமே குழுவினர் 2005-ல் உணர்த்தினர். 2011-ல் அக்குழுவினர் சுண்டெலியின் சிறுநீரகத்தில் பி.எச். வரைபடமே எழுதினர். பின்னர் அமெரிக்காவில் இம்முறையால் புற்றுக்கட்டிகளின் அமிலத்தை அளந்தனர். ஆனால் இரத்தத்தில் செலுத்தும் மருந்து, இரத்தக் குழாயே இல்லாத இடைத்தட்டின் நடுவை எளிதில் சென்றடையாது. எனவே அங்கு இயற்கையான சர்க்கரைத் தொடர்களையே நம்ப வேண்டியதாயிற்று. 2014-ல் கலிபோர்னியாவில் மெல்கஸ், மஜும்தார் முதலியோர், பன்றியின் இடைத்தட்டுகளைக் கொண்டு, காந்தம் தந்த குறியும் தட்டின் பி.எச். அளவும் தொடர்புற்று மாறுவதைக் காட்டினர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சீடார்ஸ்-சினாய் மருத்துவ நிலையத்தார், இரு வேறு காந்த அளவைகளை ஒன்றால் ஒன்றை வகுத்துச் சர்க்கரையின் தொகையை விலக்கும் முறையை அமைத்து, முதுகுவலியைக் கண்டறிய அதைப் பயன்படுத்த முற்பட்டனர். 2018-ல் அந்நிலையத்தார், சிதைந்த இடைத்தட்டுள்ள பன்றிகளில், அமிலத்தை உணர்த்தும் காந்தக் குறியும் வலியோடு தொடர்புள்ள இரசாயனக் குறிகளும் ஒத்துச் செல்வதாக வெளியிட்டனர். 1969-ல் மின்முனையால் துளைத்து அறிந்ததை, துளைக்காமல் அறியும் முயற்சி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

இன்னும் எவ்வளவு தூரம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். சர்க்கரைத் தொடரின் சுருதி நீரின் சுருதிக்கு மிக அருகில் உள்ளது. 3 டெஸ்லா காந்தத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். 7 டெஸ்லா காந்தம் இதற்கு ஏற்றது; ஆனால் அது அரிது, விலையும் மிகுதி. நோயாளி சிறிது அசைந்தாலும், குடல் காற்று காந்தத்தைச் சற்றுக் குலைத்தாலும் கணக்குத் தவறும். மேலும், அமிலம் வலிக்கு ஒரு காரணமே. ஒரே காரணம் அன்று. நரம்பு நசுங்குவதாலும், அழற்சிப் பொருள்களாலும், வேறு வழிகளாலும் வலி உண்டாகிறது. ஆகையால் இம்முறை இன்றும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு உரியதே. மருத்துவமனையில் கேட்டு வாங்கும் வழக்கமான சோதனை அன்று. அமிலத்தைப் படம் எடுத்துத் தருகிறோம் என்று கூறி யாரேனும் பணம் கேட்டால், எச்சரிக்கையாக இருப்பது நலம்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஷீலேயின் பால் சட்டி, சோரன்சனின் அளவுகோல், சூர்யனின் ஓடும் நீர், தர்மாத்தியும் தோழர்களும் கண்ட சாராயத்தின் மூன்று சுருதிகள் ஆகியவற்றுள் எதுவும் மூட்டு வலிக்காரரை மனத்திற்கொண்டு செய்யப்பட்டதன்று. எனினும் அவை யாவும் ஒன்று சேர்ந்து, படத்தில் தெரியாத ஒன்று உடலில் நிகழக்கூடும் என்பதற்குச் சாட்சி சொல்ல வந்துள்ளன. நம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமரும்போதோ, அண்டை வீட்டுச் சகோதரி முதுகு நோகிறதென்று கூறும்போதோ, 'ஸ்கானில் ஒன்றும் இல்லையே' என்று நாம் அவசரப்பட்டுக் கூறிவிட வேண்டாம். படத்தில் எழுதப்படாத நோவும் நோவே. அதைப் படிக்கும் எழுத்தை விஞ்ஞானம் இப்போதுதான் கற்று வருகிறது.